கையில் ஏறின கைநாட்டு

அழிக்க முடியாதுன்னா என்னம்மா அர்த்தம்? இந்தப் பச்சையக் குத்தினவ நீதானே? இதே நாக்காலி, இதே ஊசி. ரெண்டு வருஷம் முன்னாடி "அம்சமா வந்திருக்கு மிஸ்டர் தர்க்கெட்டில்"னு சொன்ன வாயும் இதே வாய்தானே, பிரையனி? குத்தத் தெரிஞ்சவளுக்கு எடுக்கத் தெரிய வேணாமா...

லேசரா? வேற ஊருக்குப் போகணுமா? ஏழெட்டுத் தடவையா? அடப் போம்மா. எனக்கு சனிக்கெழமைக்குள்ள வேணும். இன்னிக்கு வியாழன். சனிக்கெழம காலைல பத்து மணிக்கு எங்க வம்சத்து ஆளுங்க, எண்பத்தேழு தர்க்கெட்டிலுங்க, எங்க ஊரு ஹால்ல வந்து எறங்குது. கனடாவுலேர்ந்தே ஒம்பது பேரு. நியூசிலாந்துலேர்ந்து ரெட்டப் பொண்ணுங்க, எதுக்கு வர்றோம்னு அதுங்களுக்கே தெரியாது. எல்லாருக்கும் கடுதாசி போட்டவன் நான். "நானூறு வருஷத்துக் குடும்பச் சின்னத்த நேர்லயே பாக்கலாம்"னு கொட்டை எழுத்துல எழுதியிருக்கேன். எங்க பாக்கறதாம்? இதோ இங்கதான், என் முழங்கைக்குக் கீழ.

மேல வேற படம் குத்தி மறைக்கலாமா? இத முதல்லயே சொல்றதுக்கென்ன. கொண்டா அந்த ஆல்பத்த. ரோசாப்பூ... அறுபத்தெட்டு வயசுல எனக்கு ரோசாப்பூ. இது என்ன, கழுகா? கோழி மாதிரி இருக்கு. நங்கூரம்... கடல்னாலே எனக்குக் கொமட்டும்மா. நாங்க மண்ணு, சுத்தமான இங்கிலாந்து மண்ணு, சஃபோக் மண்ணு, கப்பலுக்கும் எங்களுக்கும் ஒட்டே கிடையாது. கனடாவுக்குப் போனவன் ஒருத்தன், அவன் பேரக்கூட எங்க தாத்தா சொல்ல மாட்டாரு...

சரி, கைய ஆட்டல. முடியச் சவரம் பண்ணிக்கோ. எத வரையறதுன்னு யோசிச்சுக்கிட்டே இருக்கேன், அவசரப்படுத்தாத.

மணி அடிக்குதே, யாரோ உள்ள வந்துட்டாங்க போல. திரும்பக் கூடாதா? சரி, கழுத்துகூட திருப்பல. யாரா இருந்தாலும் பெஞ்சுல உக்காருங்க. எனக்குப் பிறகுதான் நீங்க.

எங்க விட்டேன்? ஆங், லயனல். இவ்வளவுக்கும் காரணம் அந்த லயனல் கிராக்னெல். அடுத்த நெலம் அவனுது. நடுவுல ஒரு வேலி. அந்த வேலி நாப்பது வருஷமா என் பக்கம் சாயுது. என் பக்கம் மட்டும்தான் சாயும், அவன் பக்கம் ஒரு கிளை போவாது. சொன்னா தலைய ஆட்டுவான். கோவிச்சா தலைய ஆட்டுவான். வாயில கொழுக்கட்டைய வச்ச மாதிரி அப்படியே நிப்பான். பேசாத மனுசன எப்படிம்மா நம்பறது? பேசறவன் மனசுல என்ன இருக்குன்னு தெரிஞ்சு போயிடும். என்னைப் பாரு, எதையாவது ஒளிச்சு வச்சிருக்கேனா?

எங்க வம்சத்தத் தேடி இருபத்திரெண்டு வருஷம்மா. மத்தவன் மீன் பிடிக்கப் போவான், நான் பழைய பத்திரமெல்லாம் வச்சிருக்கற கவுன்டி ரெக்கார்டு ஆபீசுக்குப் போவேன். பேனா கூடாது, பென்சில்தான். கோட்டு வெளியில. பையும் வெளியில. அதெல்லாம்கூடப் பரவால்ல, பேசக் கூடாதாம். எனக்கு மட்டும் தனியா மூலைல ஒரு மேசை போட்டுட்டாங்க. "உங்களுக்கு வெளிச்சம் நல்லா இருக்கும்"னாங்க. சுவரப் பாத்து உக்காந்தா என்ன வெளிச்சம்?

ஒரு சர்ச் ரிஜிஸ்டர் விடாம புரட்டினேன். ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம். அந்தக் காலத்துப் பாதிரியார்ங்க இருக்காங்களே, ஒருத்தர் எழுத்து எறும்பு, ஒருத்தர் எழுத்து பூரான். ஒரு மகராசன் "தர்க்கெட்டில் குழந்தை"ன்னு எழுதிட்டு அதோட சரி. ஆணா பொண்ணா, பேரு என்ன, பெத்தவ யாரு, ஒண்ணும் கிடையாது. சாப்பாட்டு நேரம் வந்திருக்கும் அவருக்கு. எங்க ஆளுங்க மட்டும் ஒழுங்கா? ஆம்புரோஸ் மகன் ஜான், ஜான் மகன் ஆம்புரோஸ், திரும்ப ஜான். கொழந்த செத்தா அடுத்த கொழந்தைக்கும் அதே பேரு. ஒரு வருஷம் பூரா ஒரு ஜானை என் பாட்டனுக்குப் பாட்டன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். எங்க வீட்டுக்காரி ஐவிதான் அடக்க ரிஜிஸ்டர்ல பாத்துட்டு சொன்னா, "கில்பர்ட், உன் பாட்டன் பொறந்து பத்தொம்பதாம் நாளே செத்துட்டாரு"ன்னு. அப்பவே கொஞ்சம் நிதானிச்சிருக்கணும். எங்க நிதானிக்கறது, ரத்தத்துல இல்லையே.

கடைசியில புடிச்சேன். ஆயிரத்து அறநூத்து இருபத்து மூணு, பிப்ரவரி. அடக்கம், ஆம்புரோஸ் தர்க்கெட்டில், யோமன். அந்த ஒரு சொல்லப் பாத்ததும் எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சும்மா, பொய் சொல்லல. யோமன்னா யாரு? பிரபுவும் இல்ல, கூலிக்காரனும் இல்ல. சொந்த நெலத்துல, சொந்தக் கால்ல நின்னவன். எவன் வந்தாலும் தொப்பியைத் தொட்டா போதும், கழட்ட வேணாம்.

யோமன்னா உயிலு இருக்கும். தேடினேன், இருந்துச்சு. ரெக்கார்டு ஆபீஸ்ல ஒரு சின்னப் பொண்ணு, கண்ணாடி போட்டது, நல்ல பொண்ணு. "முழுசும் படம் எடுக்க நாலு நாள் ஆகும், காயிதம் ரொம்ப மக்கியிருக்கு, இப்போதைக்கு அடியில உள்ள துண்டோட படம் மட்டும்தான் இருக்கு"ன்னா. நாலு நாளா? நானூறு வருஷம் காத்தவன் இன்னும் நாலு நாள் காக்கணுமா? துண்டக் குடும்மான்னு வாங்கிட்டு வந்துட்டேன், அப்புறம் முழுசக் கேட்டு அந்தப் பக்கமே போகல.

அந்தக் காலத்து எழுத்து, ஒரு அட்சரம் புரியல. ஆனா அடியில, தனியா, நல்லா அழுத்திப் போட்ட ஒரு குறி. எழுதத் தெரியாதவங்க அப்படித்தான், ஆளுக்கொரு குறி வச்சிருப்பாங்க. இது வைக்கோல் அள்ளுற கவைக்கோல் மாதிரி, மூணு பல்லு, ஒரு காம்பு. உயிலு யாரோடது? ஆம்புரோசோடது. குறி எத்தன? ஒண்ணு. அப்ப யாரோட குறி? நீயே சொல்லு. எந்த மடையனும் அப்படித்தானே நெனப்பான்?

என் வீட்டு வாசல் கேட்டுத் தூண்ல செதுக்கினேன். டிராக்டர்ல வரைஞ்சேன். டீ குடிக்கற கோப்பை எண்பத்தேழு, ஒவ்வொண்ணுலயும் அந்தக் கவைக்கோல். அறுவடை விருந்தன்னிக்கு ஹால்ல ஊரே கூடியிருக்கு, சட்டைக் கைய மடிச்சு விட்டு இதக் காட்டினேன். "எங்க குடும்பத்துக்கு நானூறு வருஷத்து அடையாளம் இருக்கு, கிராக்னெல் குடும்பத்துக்கு ஒரு துண்டுச் சீட்டு உண்டா?"ன்னு கேட்டேன். அத்தன பேரும் சிரிச்சாங்க. லயனல் பன்றிக்கறி ரொட்டிய மென்னுக்கிட்டே தலைய ஆட்டினான்.

ம்? யோசிக்கறேன்மா, யோசிக்கறேன். மீன் வேணாம். மண்டை ஓடு வேண்டவே வேணாம், கனடாக்காரங்க பயந்துடுவாங்க.

போன செவ்வாய்க்கெழம ரெக்கார்டு ஆபீஸ்லேர்ந்து அந்தப் பொண்ணு கூப்புடறா. முழு உயிலயும் சரி பண்ணிட்டாங்களாம், வந்து பாக்கலாமாம். சனிக்கெழமைக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு ஹால்ல மாட்ட நான்தான் இப்பக் கேட்டிருந்தேன். சும்மா போயிருக்கலாம்ல? போகல. வேலிக்கு மேல எட்டிப் பாத்து, "லயனல், வாய்யா, தர்க்கெட்டில் உயிலப் பாரு, கண்ணு குளிரும்"னு வண்டியில ஏத்திக்கிட்டுப் போனேன். வேலியில போன ஓணான எடுத்து மடியில விட்டுக்கிட்ட கதைதான்.

மெத்தை மாதிரி ஒண்ணு மேல காயிதத்த விரிச்சு வச்சிருந்தாங்க. அந்தப் பொண்ணு படிக்க ஆரம்பிச்சா. படிக்கப் படிக்க அவ குரல் ஒரு மாதிரி ஆச்சு. சிரிப்ப அடக்கறான்னு எனக்கு அப்பத் தெரியல, தொண்ட கட்டிடுச்சுன்னு நெனச்சேன்.

அது எழுதின உயிலே இல்லையாம்மா. வாயால சொன்ன உயிலாம். படுக்கையில கெடந்து ஆம்புரோஸ் சொல்லச் சொல்ல பாதிரியார் குறிச்சுக்கிட்டே வந்து, செத்த பிறகு எழுதி முடிச்சது. என்ன எழுதியிருக்குன்னா... "வீடு யாருக்கு என்று கேட்டதற்கு, அவர் பாதிரியாரின் வாத்துகளைப் பற்றிப் பேசினார். செவலைப் பசு யாருக்கு என்று கேட்டதற்கு, பக்கத்து நிலத்து வேலி தன் பக்கம் சாய்வதைப் பற்றி வெகுநேரம் பேசினார். பெரிய பித்தளை அண்டா மூத்த மகளுக்கு என்று ஆரம்பித்து, அந்த மகளின் புருஷனைப் பற்றிப் பேசினார். குறி போடப் பேனாவை நீட்டியபோது, பொறுங்கள், நான் இன்னும் முடிக்கவில்லை என்றார். முடிக்காமலே இறந்தார்."

குறியே போடலம்மா என் பாட்டன். பேசிக்கிட்டே போயிட்டான்.

அப்ப அடியில இருக்கறது? சாட்சி. வெள்ளிக்கெழம மத்தியானத்துலேர்ந்து சனிக்கெழம பொழுது சாயற வரைக்கும் எந்திரிக்காம கட்டில் பக்கத்துலயே உக்காந்து கேட்ட ஒரே ஆளு. பேரு சைமன். சைமன் கிராக்னெல். அந்த வேலிக்குச் சொந்தக்காரன். தன் வேலியத் திட்டுறத ரெண்டு நாளா குந்திக் கேட்டுட்டு, கடைசியில ஒரு கவைக்கோலப் போட்டுட்டு எந்திரிச்சுப் போயிருக்கான்.

நான் லயனலப் பாக்கல. பாக்க முடியல. அவன் காயிதத்தயே பாத்துட்டிருந்தான். அப்புறம் என் கைய ஒரு தடவ பாத்தான். தலைய ஆட்டினான். திரும்பி வர வழியில ஒரு வார்த்த பேசல ரெண்டு பேரும். நான் பேசலன்னா பாத்துக்கோ.

ஐவிகிட்ட சொன்னேன். பாத்திரம் கழுவற தொட்டியப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சா, சிரிச்சா, அப்படியே தரையில உக்காந்துட்டா. "இருபத்திரெண்டு வருஷம் ரிஜிஸ்டரப் புரட்டினியே கில்பர்ட், அந்த ஒரு வரி போதாதா? 'நான் இன்னும் முடிக்கல'ன்னு சொன்னாரே, நீ அவரு வம்சம்தான், வேற அத்தாட்சியே வேணாம்"னா. "முழுக்கைச் சட்ட போட்டுக்கோ"ன்னா. ஜூலை மாசத்துல. எண்பத்தேழு கோப்பைக்கும் முழுக்கைச் சட்ட போட முடியுமா?

அதுவும் போகட்டும். சனிக்கெழம ஹால் சாவி யாருகிட்ட? லயனல்கிட்ட. கமிட்டித் தலைவர்னு வரவேத்து ரெண்டு வார்த்த சொல்லணும். நாப்பது வருஷமா அந்த வேலிக்கு நான் குடுத்த பேச்சுக்கெல்லாம் அவனுக்கு ரெண்டு வார்த்த போதும்மா. "அது எங்க தாத்தா குறி." முடிஞ்சுது. நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அங்க நிப்பேன்? சின்ன வயசுலேர்ந்து எங்க அப்பன் என்னை "வாயாடி, உன்னால ஒண்ணும் ஆவாது"ன்னே சொல்லிச் செத்தாரு. ஒரு நாள், ஒரே ஒரு நாள், எல்லாரும் உக்காந்து நான் சொல்றதக் கேக்கணும்னு ஆசப்பட்டேன். அவ்வளவுதான். வேற ஒண்ணுமில்ல.

சரி, நெசத்தச் சொல்லிடறேன், நீ யாருகிட்டயும் சொல்லாத. லயனல் முன்னாடியே கேட்டான். ஆமா. கேட்டுத் தூண்ல நான் செதுக்கிட்டு இருக்கறப்போ வந்து நின்னான். "கில்பர்ட், அந்தக் காயிதம் முழுசா வந்த பிறகு செதுக்கலாமே. வேணும்னா நானும் கூட வரேன்"னான். நாப்பது வருஷத்துல அவன் பேசின நீளமான பேச்சு அதுதான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வயிறு எரியுதா?"ன்னேன். அந்தக் கோவத்துல மறுநாள் காலைல உன் கடை வாசல்ல நின்னேன். நீகூட "நல்லா யோசிச்சீங்களா?"ன்னு ரெண்டு தடவ கேட்ட. நுணலும் தன் வாயால் கெடும்னு சும்மாவா சொன்னாங்க...

அதனால நான் என்ன முடிவு பண்ணியிருக்கேன்னா, இந்த மூணு பல்லுக்கு மேல ஒரு ஓக் மரம்... இல்ல, ஓக் வேணாம், ஒரு... பிரையனி? என்னம்மா சத்தத்தயே காணோம்? பிரையனி? இப்பத் திரும்பலாமா?

எங்க போனா இவ? கெட்டில் சத்தம் கேக்குது. டீ போடறாளா, நான் இங்க...

...

யோவ்.

நீ எப்பய்யா வந்த? அந்த மணி அடிச்சப்பவா? அப்பலேர்ந்து இங்கயேவா உக்காந்திருக்க? கொழுக்கட்ட சொன்னதெல்லாம்...? அழுதது...? எல்லாத்தயும் கேட்டியா?

தலைய ஆட்டாதய்யா, வாயத் தொறந்து சொல்லு.

என்ன அது கையில? குடு. உயிலோட படம். கவைக்கோலச் சுத்திப் பென்சில்ல வட்டம் போட்டிருக்க. ஓ. உன் கையில குத்திக்க வந்தியா. எழுபது வயசுல. குத்திக்கோ, உன் தாத்தா சொத்து, யாரு தடுத்தா...

ஊர்ல யாருகிட்டயாவது சொன்னியா? ஹால் கமிட்டில? உன் வீட்டுக்காரிகிட்ட? அவகிட்டகூட இல்லையா?

ம்.

நானூறு வருஷமா உங்க குடும்பத்துக்கு, உக்காந்து கேக்கறதே பொழப்பாய்யா?

பிரையனி! அந்த ஆல்பத்த மூடி வை. எனக்கு ஒண்ணும் மறைக்க வேணாம், இருக்கறது இருக்கட்டும். ரெண்டு நாள் முழுசா கேட்ட மனுசன் குறி, என் கையில இருந்தா என்ன கெட்டுப்போச்சு? இந்தாளுக்கும் அதையே குத்து, இதே அளவு, இதே எடம். சனிக்கெழம நாங்க ரெண்டு பேரும் அரைக்கைச் சட்டதான். அவனுக்கு வேற வரவேற்புரை வேண்டாம், நானே பேசிக்கறேன்.

உக்காருய்யா லயனல், கைய நீட்டு, ஆட்டாத. வலிக்கும், ஆனா நான் பக்கத்துலயே இருக்கேன். அந்த வேலியப் பத்தி இன்னும் ஒண்ணு சொல்ல வேண்டியிருக்கு... எங்க விட்டேன்?