முந்நூறு மார்க் களை

வீட்டுக்காரரே, நீர் ஏமாற்றுக்காரர். உம்முடைய பெயர் எனக்குத் தெரியாது. ஜெர்மனியின் வுப்பர்டால் நகரத்துத் தொங்கு ரயிலில் முன் இருக்கையில் இருந்த உம்முடைய வாடகைக் குடியினர், ஒரு தமிழ்க் கணவனும் மனைவியும், பேசியதைக் கேட்டேன்.

“களை பிடுங்கச் சனிக்கிழமை தோட்டக்காரன் வாறானாம். முந்நூறு மார்க். அதை நாங்கள்தான் குடுக்கவேணுமெண்டு வீட்டுக்காரன் சொல்லுறான். தங்கச்சியின்ர பிளேன் டிக்கெட் காசிலதான் கைவைக்கவேணும்,” என்றார் கணவர்.

“தேவையில்லை. அவன் இண்டைக்குக் காலமை இடம் பாக்க வந்தவன். இஞ்ச தனக்கு வேலையில்லை எண்டு சொல்லிப்போட்டுப் போட்டான்.”

“அவ்வளவு களையும் எங்க?”

“மூண்டு நாளா என்ன சாப்பிட்டனீங்கள்?”

“கீரை வறை.”

“அதுதான். தின்ன ஏலாததைப் பிடுங்கி எறிஞ்சிட்டன்.”

அவர் பெருமூச்சு விட்டுச் சிரித்தார். “அப்ப தங்கச்சி வருவாள்.”

“ஓம், வருவாள். எங்களுக்கு முதல் இருந்த ஜெர்மன்காரியிட்ட ஒருநாளும் தோட்டக் காசு கேட்கேல்லையாம். அவவே சொன்னவ.”

எனக்கும் நிம்மதிதான். ஆனால் அந்த ஜெர்மன் பெண்ணிடம் கேட்காத காசை இவர்களிடம் ஏன் கேட்டீர்? அந்த வீட்டில் குடியிருக்கும் எல்லோருக்கும் முன்னால் நின்று பதில் சொல்லும்.