எரியாத மருந்து

மார்க் போதுமா என்றுதான் எல்லா அப்பாக்களும் முதலில் கேட்பார்கள். போதாது என்று சொல்வதுதான் என் வேலை. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் கணினி அறிவியல் படிக்க விண்ணப்பிக்கும் பிள்ளைகளுக்குக் கட்டுரை திருத்திக் கொடுக்கிறவன் நான். பல் டாக்டருக்கும் விமான டிக்கெட் போடுகிறவருக்கும் நடுவில், மாடியில் என் அலுவலகம். உலகத்திலுள்ள முதல் ரேங்க்காரர்கள் அத்தனை பேரும் அந்தப் பல்கலைக்கழகங்களின் கொஞ்ச இடத்துக்குத்தான் முட்டி மோதுகிறார்கள். எல்லோரிடமும் மார்க் இருக்கிறது. அங்கே உட்கார்ந்து விண்ணப்பங்களைப் படிக்கிறவர்களுக்கு மார்க் அலுத்துவிட்டது. அவர்களுக்குக் கதை வேண்டும். நெஞ்சு கொஞ்சம் கனக்க வேண்டும். அந்த ருசியை அவர்களுக்கு நான் பழக்கவில்லை.

என் மகளிடம் கதை இல்லை. நல்ல வீட்டில் வளர்ந்தாள், அவ்வளவுதான். அம்மா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். சண்டை சச்சரவு கிடையாது. முதல் தடவை விண்ணப்பித்தபோது, சின்ன வயதில் கம்ப்யூட்டரைக் கழற்றிப் பார்த்து ஆசை வந்ததாக எழுதினாள். அதே கழற்றலோடு என் மேசைக்கு வராத பிள்ளையே இல்லை. எல்லா இடத்திலும் கையை விரித்துவிட்டார்கள். இங்கேயே ஒரு கல்லூரியில் சேர்ந்தாள், மேற்படிப்புக்கு மறுபடி போடலாம் என்று.

அதே வருடம் என்னிடம் வந்த இன்னொரு பெண்ணுக்கு இடம் கிடைத்தது. அவள் அப்பாவுக்குக் காது கேட்காது. பேசுவதை எழுத்தாக்கிக் காட்டும் செயலி ஒன்றை அவருக்காகச் செய்திருந்தாள். என் மகளோடு ஒப்பிட்டால் சுமாரான மூளைதான். கட்டுரையைச் செதுக்கியது நான். சாக்லேட் டப்பாவை நீட்டி, "உங்க பொண்ணுக்கு எங்க சார் கிடைச்சுது?" என்று கேட்டாள். சிரித்துக்கொண்டே ஒரு சாக்லேட்டை எடுத்து வாயில் போட்டேன். அந்தச் செவிட்டு மனிதர் எவ்வளவு பெரிய உதவி செய்திருக்கிறார் என்று அவருக்கே தெரியாது.

என் மனைவிக்குக் கண்ணில் அழுத்தம் அதிகம். மகள் முதலில் விண்ணப்பிப்பதற்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள். வலி இருக்காது, ஓரத்திலிருந்து பார்வை குறைந்துகொண்டே வரும், போனது திரும்பாது. சொட்டு மருந்தை ஒழுங்காக விட்டால் கடைசிவரை சமாளிக்கலாம் என்றார் டாக்டர். ஒழுங்காக விட்டால் என்று அவர் சொன்னதை நானும் கவனித்துத்தான் கேட்டேன். அவளுக்குத் தானே விட்டுக்கொள்ள வராது. இமையை இறுக மூடிக்கொள்வாள், மருந்து கன்னத்தில் வழியும். ஆரம்பத்திலிருந்தே நான்தான் விட்டேன். "டாக்டருக்குப் படிச்சிருக்கலாம் நீங்க," என்பாள்.

மகளுக்கு மறுப்பு வந்த பிறகு மருந்தைக் கொட்டிவிட்டு, அதே குப்பியில் கண் கழுவும் உப்புத் தண்ணீரை நிரப்பினேன். கடையில் வாங்கிய சுத்தமான தண்ணீர். கண்டதையும் விடவில்லை. கண்ணில் கிருமி ஏதாவது சேர்ந்தால் பாவம், அவள் அவஸ்தைப்படுவாள்.

எல்லாம் மெதுவாகத்தான் நடந்தது. கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டாள். தட்டுக்குப் பக்கத்தில் குழம்பை ஊற்றினாள். "வயசாகுதுல்ல," என்று அவளே கிண்டல் செய்துகொண்டாள். பிறகு கரும்பலகையில் தான் எழுதிய கணக்கே தெரியவில்லை என்று வேலையை விட்டாள். டாக்டர் மருந்தை மாற்றினார், இன்னொன்றையும் சேர்த்தார். அந்தக் குப்பிகளிலும் அதே தண்ணீர்தான். அழுத்தம் ஏன் இறங்கவில்லை என்று தலையைச் சொறிந்தார். ஆபரேஷன் செய்யலாம் என்றபோது, மகளின் விண்ணப்பம் முடியட்டும் என்றேன். என் மனைவியும் அதையேதான் சொன்னாள். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். நான் யாரையும் வற்புறுத்தவில்லை.

மகள் நான் நினைத்ததைவிடச் சிறப்பாகச் செய்தாள். போனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டால், எதிரே படியா, நாற்காலியா, ஆளா என்று காதில் சொல்லும் ஒரு செயலி. சாப்பாட்டை மறந்து செய்தாள். அம்மா வீட்டுக்குள் தனியாக நடந்த அன்று இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். நான் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டுரையின் முதல் பத்தி அது.

ஆனால் அவள் எழுத மாட்டேன் என்றாள். "அம்மா கண்ணைக் காட்டி நான் சீட் வாங்கணுமாப்பா? அசிங்கமா இருக்கு."

"அம்மாகிட்டயே கேளு," என்றேன்.

"எழுதுடி," என்றாள் என் மனைவி. "எனக்குப் போனது போகட்டும். உனக்காவது பிரயோஜனமாகட்டும்."

இடம் கிடைத்தது. எல்லோரும் வாயைப் பிளக்கும் இடம். என் மனைவி அந்தக் கடிதத்தை மகளிடம் திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

அமெரிக்காவுக்குக் கிளம்ப நாள் நெருங்கியபோது மகளுக்கு ஓர் ஆசை. அப்பாதானே தினமும் செய்கிறார், போகும்வரை நான் செய்கிறேன் என்று, புது மருந்துக் குப்பி வாங்கிவந்து அம்மாவுக்கு விட்டிருக்கிறாள். நான் அலுவலகத்தில் இருந்தேன்.

"ஐயோ, எரியுதுடி," என்றிருக்கிறாள் என் மனைவி.

"மருந்துன்னா எரியத்தான்மா செய்யும்."

"ஆரம்பத்துல எரியும். இப்பல்லாம் அப்பா விட்டா எரியாதே. அவர் கை அப்படி."

நான் வீட்டுக்குள் நுழைந்தபோது மகள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தாள். எதிரே இரண்டு குப்பிகள். ஒன்று நான் வைத்திருந்தது, ஒன்று அவள் வாங்கியது. அவளுடைய வலது கண் மட்டும் சிவந்து நீர் வழிந்தது.

"என் கண்ணுலயே விட்டுப் பார்த்தேன்ப்பா. ஒண்ணு எரியுது. உங்களோடது ஏன் எரியலை?"

கெட்டிக்காரி. எங்கே போனாலும் முதல் ஆளாக வருவாள் என்று பெருமையாகக்கூட இருந்தது. "சீட் வந்துடுச்சுல்ல?" என்றேன்.

அவள் குப்பியைத் தூக்கி என் முகத்தில் எறிந்தாள். நெற்றியில் இருக்கும் காயம் அதுதான். உங்கள் காவலர்கள் அடித்ததாக நான் யாரிடமும் சொல்ல மாட்டேன், பயப்பட வேண்டாம்.

என் மனைவி கத்தவில்லை. சுவரைத் தடவிக்கொண்டு அறையிலிருந்து வந்தாள். நான் நின்ற திசை தெரியாமல் அலமாரியைப் பார்த்துப் பேசினாள். "அண்ணாந்து உங்க முகத்தைத்தானே பார்த்துக்கிட்டிருந்தேன், ஒவ்வொரு தடவையும்," என்றாள். பிறகு மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். அந்தச் செயலியைப் போட்டுக்கொள்ளவில்லை.

பேனாவை வைத்துவிட்டு முறைக்கிறீர்கள். முறைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பிள்ளையும் ஒருநாள் என் மாதிரி ஆளுக்கு முன்னால் வந்து உட்காரும்; அப்போது நீங்களும் மார்க் போதுமா என்றுதான் கேட்பீர்கள். ஆமாம், மருந்தை மாற்றியது நான். தெரிந்தேதான் மாற்றினேன். பார்வை மொத்தமாகப் போகும் என்பதும் தெரியும். பாதிப் பார்வை போனால் பாதிக் கதைதான் கிடைக்கும்.

மகள் அந்த இடத்தை வேண்டாம் என்று எழுதிவிட்டாளாம். காரணத்தையும் எழுதியிருக்கிறாளாம். அவசரப்பட்டுவிட்டாள். அந்த விஷயத்தை அப்படி ஒரு மின்னஞ்சலில் வீணடித்திருக்கக் கூடாது. அடுத்த வருடம் மறுபடி விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். பெற்ற அப்பாவே இப்படிச் செய்தார் என்று எழுதினால், உலகத்தில் எந்தப் பிள்ளையாலும் அவளோடு போட்டி போட முடியாது. முழுக்க அவளே எழுதட்டும். முதல் வரியை மட்டும் என்னிடம் அனுப்பச் சொல்லுங்கள், கொஞ்சம் சரிசெய்து தருகிறேன்.