திரும்பக் கூப்பிட்டவன் பேசுகிறேன்

இந்த நினைவுக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் தலைமையாசிரியர் லூர்துமேரி அம்மையார் அவர்களே, மேடையில் இருக்கும் பெரியோர்களே, பாப்பிரெட்டிப்பட்டி ஊர்மக்களே, முன்வரிசையில் மகளோடு அமர்ந்திருக்கும் மாதவராஜின் துணைவியார், தங்கை நிர்மலா அவர்களே, வணக்கம்!

என் பெயர் சென்னப்பன். அயல்நாடுகளின் அணு நிலையங்களைச் சோதிக்கும் சர்வதேசக் குழுவில், மறைந்த பொறியாளர் மாதவராஜ் அவர்களுக்குப் பதினோரு ஆண்டுகள் மேலதிகாரியாக இருந்தவன். அழத்தான் வந்தேன், ஆத்திரம் முந்திக்கொண்டு நிற்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாதவராஜ் என்ன வேலை செய்தார்? அணுகுண்டு செய்ய யாரும் எடுத்துவிடாதபடி யுரேனியப் பெட்டிகளை எண்ணினார், சீல் வைத்தார், அடுத்த மாதம் போய் அந்த சீல் உடையாமல் இருக்கிறதா என்று பார்த்தார். அவ்வளவுதான்! அது நடந்தவரை அங்கே ஒரு குண்டும் விழவில்லை.

சென்ற ஆண்டு ஒரு நாட்டில் நிலையத்தின் கதவைச் சாத்திவிட்டார்கள். மாதவராஜ் கோபப்பட்டாரா? வாசலில் உட்கார்ந்து காவலாளியோடு டீ குடித்தார். மூன்றாம் நாள் கதவு திறந்தது. அன்று மாலையே ஒரு வல்லரசு, "அறுபது நாளில் பணியாவிட்டால் அடிப்போம்" என்றது. மறுநாள் கதவு மறுபடி சாத்தியாயிற்று! மாதவராஜ் என்னிடம் போனில் கேட்டார்: "ஏன் சார், தொறக்க மூணு நாளாச்சுங்க. சாத்தறதுக்கு ஒரே பேச்சு போதுங்களா?"

கழுத்தில் கத்தியை வைத்துக்கொண்டு கேட்டால் அதற்குப் பெயர் பேச்சுவார்த்தையா? கதவைச் சாத்திய நாட்டுக்காரனும் லேசுப்பட்டவனில்லை, மிரட்டலைச் சாக்காக வைத்துப் பெட்டிகளை ஒளிக்கிறான். வல்லரசுக்காரனோ பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறான். நடுவில் நின்றவர் மாதவராஜ்!

ஐம்பத்தெட்டாம் நாள் அவரை உடனே கிளம்பி வரச் சொன்னவன் நான்தான். "சார், நாங்க இங்க இருக்கற வரைக்கும் அடிக்க யோசிப்பாங்க. கெளம்பிட்டா அடிச்சுருவாங்க" என்றார். "உத்தரவு" என்று கத்தினேன். வந்துவிட்டார். அவர் கிளம்பிய நான்காம் நாள் அடித்தார்கள். காவலாளி செத்துப்போனார். பெட்டிகள் எங்கே என்று இன்று எவருக்கும் தெரியாது.

திரும்பப் போய் எண்ண அனுமதி கேட்டு மாதவராஜ் ஆறு முறை எழுதினார். ஆறு முறையும் "பரிசீலனையில் உள்ளது" என்று பதில் போட்டேன். ஏழாவது கடிதம் எழுதுவதற்குள் மாரடைப்பு வந்துவிட்டது.

இன்று காலை நிர்மலா என்னிடம், "அன்னிக்கி நீங்க கூப்பிட்டதாலதாங்க எங்க வூட்டுக்காரரு எங்களோட எட்டு மாசம் இருந்தாருங்க" என்று கைகூப்பினார். தங்கையே, அந்தக் கும்பிடுக்கு நான் தகுதியில்லாதவன்.

சபையோரே! அவர் கேட்ட அதே அனுமதியை இப்போது என் பெயரில் கேட்டிருக்கிறேன். கிடைக்கும் வரை கேட்பேன். அந்த வாசலில் நானும் உட்காருவேன். திரும்பி வரச் சொல்லி எவர் அழைத்தாலும், நான் போனை எடுக்கப் போவதில்லை.