தாளுக்குத்தான் வைத்தியம்

— இவகிரி சான், ரெண்டு வாரத்துக்கு முன்னாடி எழுதின கேள்வித்தாளும் இன்னைக்கு எழுதின தாளும், பதிலுக்குப் போட்ட ஒரு வட்டம்கூட மாறலையே. எப்படி?

— அன்னைக்கே போன்ல படம் பிடிச்சு வச்சுக்கிட்டேன், நர்சம்மா. அதைப் பார்த்துத்தான் இன்னைக்கு வட்டம் போட்டேன்.

— பரீட்சையில பிட்டு அடிக்கிற மாதிரியா?

— மன்னிச்சிருங்க. பதில் மாறினா உங்களுக்குத் தொந்தரவாயிடுமேன்னு...

— அட என் தாயே! மனசு எப்படி இருக்குன்னு கேட்டா, போனைப் பார்த்தா சொல்லுவாங்க? இதோட முப்பத்தொரு கர்ப்பிணி எழுதியாச்சு. இந்த மியசாகி ஊர்ல ஒருத்திக்கும் ஒரு கவலையும் இல்லையாம். காலையில ஒரு பொண்ணு, கண்ணீர் சொட்டச் சொட்ட 'சந்தோஷமா இருக்கேன்'னு வட்டம் போட்டுட்டு, தாள் நனைஞ்சதுக்கு மன்னிப்பு வேற கேட்டுட்டுப் போச்சு.

— ஐயோ பாவம், வேற தாள் கேட்டு வாங்கியிருக்கலாமே.

— உங்களை என்ன சொல்றது! வெளிநாட்டுக் கேள்விகளை நம்ம டாக்டர் ஜப்பான் மொழியில மாத்தி எழுதியிருக்காரு. அது நம்ம பொண்ணுங்களுக்கு ஒத்துவருதான்னு பார்க்கத்தான் ரெண்டு தடவை எழுதச் சொல்றோம். சோதனை தாளுக்கு. உங்களுக்கு இல்லை.

— அப்ப நோயாளி நான் இல்லையா?

— தாளுதான் நோயாளி.

— அப்பாடா! அதுக்குன்னா சொல்லலாம். மன்னிச்சிருங்க, அந்த நாலாவது கேள்வி சரியில்லைங்க.

— 'அடிக்கடி அழுறீங்களா'ங்கிறதா? அதுல என்ன குறை?

— மாமியார் பக்கத்துல உட்கார்ந்து எட்டிப் பார்க்கிறப்ப எந்த மருமக 'ஆமா'ன்னு வட்டம் போடுவா? பொதுவாச் சொல்றேன். என் மாமியார் வெளியே கார்லதான் இருக்காங்க.

— சரி, பொதுவாவே சொல்லுங்க. எப்படிக் கேட்கலாம்?

— 'குளிக்கிற தொட்டியில உட்கார்ந்துகிட்டு குழாயைத் திறந்து விடுறீங்களா'ன்னு கேட்கலாம்.

— குழாயை எதுக்கு?

— அழுற சத்தம் வெளியே கேட்காதுல்ல. வீட்டாளுங்க படிச்சாலும், ஏதோ குளியல் சமாச்சாரம்னு விட்டுடுவாங்க. யாருக்கும் தொந்தரவு இல்லை.

— நம்ம டாக்டருக்கு இது தோணலையே! வாரத்துக்கு எத்தனை நாள்னு கட்டம் போடட்டும்? ஒண்ணு, ரெண்டு, மூணு போதுமா?

— ஏழு வரைக்கும் போட்டுருங்க.

— ஏழா? இவகிரி சான், அப்படி ஒரு பொண்ணாவது நிஜமா இருந்தாத்தான் டாக்டர் கேள்வியைச் சேர்ப்பாரு. உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்காங்களா?

— பேரு சொல்லணுமா, நர்சம்மா?

— பேரு வேண்டாம். சும்மா சொல்லுங்க.

— எங்க வீட்டுத் தண்ணி பில் இந்தத் தடவை ரெண்டு மடங்கா வந்திருக்கு, அக்கா.