ஆறு சக்கரத்துல ஒரு ஊடு

பூமிகா: செருப்ப கழட்ட வேணாம் சார், அப்படியே ஏறுங்க... பாத்து, படி கொஞ்சம் உயரம்.

பெரியவர்: இருக்கட்டும்மா. ஊட்டுக்குள்ள செருப்போட எப்படி வர்றது?

பூமிகா: அப்பாடா! பாக்க வந்தவங்கள்ல நீங்கதான் மொதல்ல இத ஊடுன்னு சொன்னீங்க. மத்தவங்களுக்கெல்லாம் வேனு, பஸ்ஸு... ஒருத்தரு ஐஸ்கிரீம் வண்டியான்னு கேட்டுட்டு போனாரு.

பெரியவர்: எனக்கும் இந்த மாதிரி கேரவன் ஒண்ணு பழசா வாங்கணும்னு யோசனம்மா. ரிடையர் ஆயிட்டேன். கும்மிடிப்பூண்டில ஒரு பொண்ணு புருஷனோட கேரவன்லயே குடித்தனம் பண்ணுதுன்னு எங்க ஊருல பேசிக்கினாங்க. அதான், பாத்துட்டு போலாம்னு...

பூமிகா: எந்த ஊரு சார்?

பெரியவர்: ஊத்துக்கோட்டை.

பூமிகா: அட! எங்க நைனாவுக்கு அங்கதான் பக்கத்துல நெலம். ஊத்துக்கோட்டைல எங்க?

பெரியவர்: பஸ் ஸ்டாண்டாண்ட.

பூமிகா: இந்தாண்டயா, அந்தாண்டயா?

பெரியவர்: ...நடுவுல.

பூமிகா: பஸ் ஸ்டாண்டு நடுவுலயா?

பெரியவர்: வண்டிய காட்டுவியா, இல்ல விசாரணை பண்ணுவியா?

பூமிகா: சரி சரி, கோச்சிக்காதீங்க. உக்காருங்க. அது லெதர் சோபா. ஒரிஜினல்.

பெரியவர்: ம்ம்... உள்ள போவுதே!

பூமிகா: போவும், அப்பால தானா தூக்கி வுடும். பயப்படாதீங்க. தோ, இது ஃப்ரிட்ஜ். இது அடுப்பு, மேல பொகை போற வழி. அந்த கதவ தொறந்தா பாத்ரூமு, வெந்நீரும் வரும். பின்னாடி பெட்ரூமு. தண்ணி டேங்கு கீழ, சோலார் மேல.

பெரியவர்: இவ்ளோ வசதியா... மொதல்ல யாரு வச்சிருந்தா?

பூமிகா: நெல்லூர் பக்கம் ஒரு கிரானைட் மொதலாளி. பஸ் சேஸிஸ் வாங்கி அரண்மனை மாதிரி கட்டிக்கினாரு. ரெண்டே ரெண்டு டூரு. அப்பால முதுகு வலின்னு வுட்டுட்டாரு. மூணு வருஷம் குடோனுக்கு பின்னாடி நின்னுது. எலிங்க உள்ள குட்டி போட்டு, பேரன் பேத்தி எடுத்து, கல்யாணமே பண்ணியிருக்கும்.

பெரியவர்: அத போயி வாங்கினீங்களா?

பூமிகா: பென்னி, அதான் எங்க ஊட்டுக்காரரு, கீழ படுத்து பாத்துட்டு, "இன்ஜினுக்கு உயிரு கீது பூமி"ன்னாரு. மிச்சத்துக்கு நான் உயிர் குடுக்கறேன்னு சொல்லிட்டேன். ஓட்டிக்கினு வரும்போது எளாவூர் செக்போஸ்ட்டாண்ட நிறுத்தினாங்க பாருங்க... எந்த நடிகை கீறாங்கன்னு அத்தினி பேரும் எட்டி எட்டி பாக்கறாங்க. நான் தலைய நீட்டி கையாட்டினேன். தலையில எலி புழுக்க!

பெரியவர்: ஹஹ்... நீ இன்னாம்மா வேலை பண்ற?

பூமிகா: எலெக்ட்ரீசியன். அவரு வெல்டரு. பெரிய பெரிய பிளான்ட்ட எல்லாம் வருஷத்துக்கு ஒருவாட்டி நிறுத்தி ரிப்பேர் பாப்பாங்கல்ல, அந்த வேலை. இருபது நாளு எண்ணூரு, ஒரு மாசம் இங்க, அப்பால ஆந்திரா...

பெரியவர்: பொம்பள புள்ள... பிளான்ட்டுல...

பூமிகா: இன்னா சார், மூஞ்சி சுருங்குது?

பெரியவர்: சுருங்கலம்மா. எங்க பிளான்ட்டுல ஒரு பொம்பள எலெக்ட்ரீசியன் கூட கெடயாது. அதான்.

பூமிகா: ஊத்துக்கோட்டைல இன்னா பிளான்ட்டு?

பெரியவர்: ...ரைஸ் மில்லு.

பூமிகா: ரைஸ் மில்ல பிளான்ட்டுன்னு சொல்லுவீங்களா?

பெரியவர்: பெரிய ரைஸ் மில்லும்மா! நீ அந்த கரண்டு பேனல் கதவ தொற, பாப்போம்.

பூமிகா: தொறந்துக்கோங்க.

பெரியவர்: இது யாரு கட்டினது?

பூமிகா: நான்தான்.

பெரியவர்: எல்லாமேவா?

பூமிகா: ஒரு ஒயர் வுடாம. எலி தின்னது போக மிச்சத்த உருவி எறிஞ்சிட்டு புதுசா இழுத்தேன். பதினோரு நாளு. வெளிய ஒர்க்‌ஷாப்புல பாய போட்டு படுத்துக்கினோம்.

பெரியவர்: ஒவ்வொண்ணுக்கும் நம்பர் போட்டு கீறியே...

பூமிகா: நான் டூட்டில இருக்கும்போது எதனா புடுங்கிக்கிச்சுன்னா, அவரு கண்டுபுடிக்கணும்ல.

பெரியவர்: எர்த்து?

பூமிகா: தனியா குடுத்துகீறேன். வெளி கரண்டு எடுத்தா அதுக்கு தனி ட்ரிப்பரு. ஈரக் கையோட தொட்டாலும் ஷாக் அடிக்கிற பேச்சே இல்ல.

பெரியவர்: ஏசி, வெந்நீரு, அடுப்பு... மூணையும் ஒண்ணா போட்டா?

பூமிகா: போட்டு பாருங்களேன்.

பெரியவர்: போட்டுட்டேன்... ம்ம். ட்ரிப்பரு விழல.

பூமிகா: விழாது.

பெரியவர்: ஃப்ரிட்ஜையும் சேத்துடட்டுமா?

பூமிகா: அது காலைலேந்து ஓடிக்கினுதான் கீது.

பெரியவர்: முப்பத்தி நாலு வருஷம் நான் பேனல் பாத்துகீறேம்மா. இன்ஜினீயருங்க கட்டினத பாத்துகீறேன். இவ்ளோ சுத்தமா... சத்தியமா பாத்ததில்ல.

பூமிகா: ரைஸ் மில்லுலயா?

பெரியவர்: பெரிய மில்லுன்னு சொன்னேன்ல!

பூமிகா: சரி சரி. தேங்க்ஸ் சார். காபி போடட்டுமா? நாஷ்டா ஆச்சா உங்களுக்கு?

பெரியவர்: காபி போதும். ஏம்மா, ரெண்டு பேரும் சம்பாதிக்கிறீங்க. ஒழுங்கா ஒரு வாடகை ஊடு பாத்துக்கினு இருக்கலாமே?

பூமிகா: நாலு வருஷத்துல ஆறு ஊடு மாத்தினோம் சார். அவரு சர்ச்சுக்கு போறவரு, நான் கோயிலுக்கு. ஒரு ஓனரு அத கேட்டுட்டு, நீட்டின சாவிய திரும்ப பாக்கெட்ல போட்டுக்கினாரு. இன்னொருத்தரு, பொம்பள நைட் ஷிப்டு போறாளே, ஊட்டு பேரு கெட்டுடும்னாரு. ஊட்டுக்கு பேரே வைக்கல அந்தாளு! அவனவன் கிட்ட கெஞ்சி கெஞ்சி பேஜாரா போச்சு. இப்போ எங்க வேலையோ அங்க ஊடு. சஹாபுதீன் பாய்தான் இந்த ஒர்க்‌ஷாப் காம்பவுண்டுல இடம் குடுத்தாரு. அவரு மிஷின் மோட்டார எல்லாம் நான் பாத்துக்கறேன். வாடகைன்னு பேச்சே எடுக்கறதில்ல மனுஷன்.

பெரியவர்: பழகிடுச்சா உனக்கு? ஆடாதா?

பூமிகா: மொதல் ரெண்டு வாரம் நாறிடுச்சு. தரை சமமா இல்ல. தோசை ஊத்தினா மாவு ஒரு பக்கமா ஓடும். ஒரு ஓரம் அப்பளம், ஒரு ஓரம் ஊத்தப்பம். படுத்தா நான் உருண்டு போயி அவரு மேல விழுவேன். அவருக்கு அதுல கஷ்டம் ஒண்ணும் இல்ல...

பெரியவர்: ம்ஹும்... ம்ம்.

பூமிகா: அப்பால அவரே நாலு ஜாக்கி செஞ்சாரு. கீழ நாலு மூலையிலயும் கால் மாதிரி நிக்கும். இப்போ இந்த காபிய தளும்ப தளும்ப வச்சாலும் சிந்தாது. இந்தாங்க.

பெரியவர்: அவனே செஞ்சானா?

பூமிகா: அவனே... ஆமா, அவரேதான். வாங்க, பெட்ரூம காட்டறேன். காபிய கைலயே வச்சிக்கோங்க.

பெரியவர்: இந்த கட்டிலுக்கு மேல சாமான் வைக்க பெட்டி இருக்கணுமே? எடுத்துட்டீங்களா?

பூமிகா: எடுத்துட்டோம். அவரு...

பெரியவர்: ஆமாமா, தூக்கத்துல சடார்னு எழுந்து உக்காருவான். மண்டையில இடிச்சிக்குவான்.

பூமிகா: யாரு சார்?

பெரியவர்: ...வெல்டருங்க. பொதுவா. பகல் பூரா நெருப்ப பாக்கறாங்கல்ல, தூக்கம் அப்படிதான் இருக்கும்.

பூமிகா: ஓ... பொதுவா.

பெரியவர்: ஜன்னலு தொறக்குமா?

பூமிகா: நல்லா தொறக்கும். எட்டி பாருங்க, அந்தாண்ட வேப்ப மரம். காத்து அள்ளிக்கினு வரும்.

பெரியவர்: ...

பூமிகா: சார்?

பெரியவர்: ம்ம்? ஆமா... நல்ல காத்து. பெத்தவங்கெல்லாம் வந்து பாத்தாங்களாம்மா?

பூமிகா: எங்க நைனா வந்தாரு. மொதல்ல, "நெலம் வச்சிருக்கறவன் பொண்ணு பஸ்ஸுல குடியிருக்குதே"ன்னு மூஞ்ச தூக்கிக்கினு இருந்தாரு. டிரைவர் சீட்டுல உக்கார வச்சி ஹாரன் அடிக்க வுட்டேன். அவ்ளோதான். இப்போ மாசத்துக்கு ஒருவாட்டி அரிசி மூட்டையோட வந்து ஹாரன் அடிச்சிட்டு போறாரு.

பெரியவர்: அந்த புள்ளயோட அப்பா?

பூமிகா: வரல.

பெரியவர்: ஏனாம்?

பூமிகா: கல்யாணத்தன்னிக்கு ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசல்ல ரெண்டு மணி நேரம் நின்னோம் சார். வரேன்னும் சொல்லல, வரலன்னும் சொல்லல. அப்பால போன்ல ஒரே வார்த்த... "ரெண்டு பேரும் நடுத்தெருவுலதான் நிப்பீங்க"ன்னு.

பெரியவர்: ...சொன்னாரா?

பூமிகா: சொன்னாரு. இந்த வண்டிய கொண்டாந்த அன்னிக்கு பென்னி விழுந்து விழுந்து சிரிச்சாரு. "எங்கப்பா சொன்னது பலிச்சிடுச்சு பூமி, தெருவுலதான் நிக்கறோம்... ஆனா ஏசி போட்டுக்கினு நிக்கறோம்"னு. சிரிச்சிட்டு, அப்பால போன கைல எடுக்கறாரு, வைக்கறாரு, எடுக்கறாரு...

பெரியவர்: பண்ணலியே.

பூமிகா: இல்ல. பயம். மறுபடியும் எதனா சொல்லிடுவாரோன்னு.

பெரியவர்: முட்டாளும்மா அந்தாளு.

பூமிகா: சார்... எங்க மாமனார திட்டாதீங்க. எனக்கு கோவம் வரும்.

பெரியவர்: நீ ஏம்மா கோவப்படற? உன்ன ஒரு தபா கூட பாத்ததில்ல அவன்.

பூமிகா: பாக்காட்டி இன்னா? இவருக்கு பதினாறு வயசுல வெல்டிங் கண்ணாடி வாங்கி குடுத்தது அவருதானாம். மத்த பசங்க வெறுங் கண்ணுல பத்த வைக்கும்போது, என் புள்ள கண்ணு கெடக்கூடாதுன்னு. இன்னிக்கும் அத சொல்லும்போது இவரு கொரலு மாறிடும்.

பெரியவர்: ...தோ, இங்க வா. இந்த கட்டில் சட்டத்த தொட்டு பாரு. ஜாயின்ட்டு எங்க கீதுன்னு தெரியுதா உனக்கு?

பூமிகா: தெரியாது. அவரு வெல்டிங் அப்படி.

பெரியவர்: அப்படின்னு சொல்லு! நானும் எத்தினியோ பேரு கைய பாத்துகீறேன். வெளிநாட்டுலேந்து வந்தவன் கூட பக்கத்துல நிக்க முடியாது. வேலைய வச்சிதான் ஆள மதிப்பேன்னு பிளான்ட்டு பூரா பீத்திக்கினு திரிஞ்சான் அந்தாளு. பெத்த புள்ள விஷயத்துல மட்டும் எவ, எந்த மதம்னு பாத்தான். பொண்டாட்டியும் போயிட்டா. நாலு வருஷமா கதவ சாத்திக்கினு ஒண்டியா சோறாக்கி துன்றான். எவனாச்சும் "உன் புள்ள இன்னா பண்றான்"னு கேட்டா, தெரியாதுன்னு சொல்லிட்டு ரோட்ட மாத்திக்கினு போறான். இப்படி ஒரு புள்ள, இப்படி ஒரு மருமவ... ஊரு பூரா சொல்லிக்கினு திரிய வேணாமா? இதுங்க ரெண்டும் எங்களோடதுங்கன்னு மார தட்ட வேணாமா?

பூமிகா: ...இத நீங்களே பென்னி கிட்ட சொல்லலாமே.

பெரியவர்: எத?

பூமிகா: இப்போ சொன்னீங்களே, அத.

பெரியவர்: சில பேருக்கு நேருக்கு நேரா சொல்ல வாயி வராதும்மா. தப்பு பண்ணிட்டேன்னு மனசுக்குள்ள நூறு தபா சொல்லியிருப்பான். அந்த மூஞ்ச பாத்ததும் வேற எதனா பேசிட்டு வந்துடுவான்.

பூமிகா: மத்தியானம் சாப்பிட்டுட்டு போங்க. எறா தொக்கு கீது.

பெரியவர்: இல்லம்மா, நான் கெளம்பறேன். பஸ்ஸு வுட்டா அப்பால சாயங்காலம்தான்.

பூமிகா: ஊத்துக்கோட்டைக்கு அரை மணிக்கு ஒண்ணு கீதே?

பெரியவர்: ...ஒண்ணு கேக்கட்டுமா? வந்ததுலேந்து ஊர கேட்ட, வேலைய கேட்ட. பேர மட்டும் கேக்கவே இல்லியே நீ?

பூமிகா: தெரிஞ்ச பேர எதுக்கு மாமா கேக்கணும்? நீங்க உங்க ஊரு வள்ளூர்ல பஸ் ஏறும்போதே உங்க ஃப்ரெண்டு அப்பாவு அண்ணன் போன் பண்ணிட்டாரு... "ஜெரால்ட் வராரு, எதனா கத சொல்லுவாரு, கண்டுக்காதீங்க"ன்னு. பென்னி இன்னிக்கு வேலைக்கே போகல. உங்க மூஞ்ச பாக்க பயந்துக்கினு, வண்டிக்கு அந்தாண்ட அந்த வேப்ப மரத்தடியிலதான் உக்காந்துகீறாரு. கூப்பிடட்டுமா?

பெரியவர்: தெரியும்மா. ஜன்னல எட்டி பாத்தப்பவே முதுகு தெரிஞ்சிது. பெத்தவனுக்கு முதுகு போதாதா? வயரிங்க பத்தி சொன்னது உனக்கு... அந்த ஜன்னல தொறந்ததுக்கப்பால நான் பேசினது பூரா அவனுக்குதான்.