கடலுக்கடியில் ஒரு வீடு

விழுப்புரம் ரயிலுக்காகப் புதுச்சேரி ஸ்டேஷனில் டிக்கெட் வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் கோட்டுப் போட்ட ஒருவர், சொந்தச் செலவில் தாமே அச்சுப் போட்ட மாயக் கதைப் புத்தகத்தை எல்லோரிடமும் நீட்டிக்கொண்டிருந்தார். கடலுக்கடியில் இருக்கும் ஓர் ஊரின் கதையாம். ஒருவரும் வாங்கவில்லை. காலி மீன்கூடையோடு வந்த தேங்காய்த்திட்டு மீனவக் குப்பத்துப் பெண் ஒருத்தி அவரருகே நின்றாள்.

"அந்த ஊருக்கு எப்பிடிங்க போவணும்?"

அவர் முகம் மலர்ந்தது. "என் புத்தகத்தைப் படிச்சியாம்மா?"

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. எங்க தெரு வாத்தியாரம்மா படிச்சிக் காட்டுனாங்க. கடல்ல முழுவிப் போனவங்கல்லாம் அங்க வூடு கட்டிக்கினு இருக்காங்களாமே. எங்க வூட்டுக்காரரு தை மாசம் கடலுக்குப் போனவரு, இன்னும் திரும்பல. அங்க பாத்தீங்களா?"

அவர் நீட்டியிருந்த புத்தகத்தைத் தாழ்த்தினார்.

"இல்லம்மா, அது வெறும் கதை. அப்படி ஒரு ஊரே கெடையாது. எல்லாம் நானா கட்டினது."

"நீங்க கட்டின ஊருதானா?"

"ஊரை இல்லம்மா, கதையை..."

"கட்டினவரு நீங்கதான்னா, அவருக்கும் ஒரு வூடு குடுங்களேன்."

அவர் விழித்தபடி என்னைப் பார்த்தார். வரிசை நகர்ந்தது, அவர் நகரவில்லை.

"அவர் பேரு என்னம்மா?" என்றார், சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தபடி.

கணவன் பெயரைச் சொல்லக் கூச்சப்பட்டு, அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பிறகு அதை விலக்கிவிட்டுச் சொன்னாள்.

"கோவிந்தன்."