செத்த கார்டில் எல்லாம் பச்சை

எனக்கு இஞ்சி டீதான் பிடிக்கும் மேடம். அன்றைக்குக் கொட்டியதும் இஞ்சி டீதான். தூசி தட்டுகிறேன் என்று கம்ப்யூட்டர் பெட்டியின் மூடியைக் கழற்றியவன் நான். திறந்த பெட்டியின் விளிம்பிலேயே டம்ளரை வைத்த புத்திசாலியும் நான். உள்ளே இருந்த, பெரிய கணக்குகளை வேகமாகப் போடும் கிராபிக்ஸ் கார்டு ஒரு முறை சீறியது; அப்புறம் அடங்கிவிட்டது.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் கம்பைலரைச் சோதிப்பது என் வேலை. மனிதன் எழுதும் நிரலை மெஷினுக்குப் புரியவைக்கிற மென்பொருள் அது. 'இந்தக் கூட்டலைக் கார்டில் இருக்கும் ஆயிரம் கைகளுக்குப் பங்கு போட்டுக் கொடு' என்று நிரலுக்கு நடுவே ஒரு வரி ஆணை எழுதினால் போதும், எங்கள் கம்பைலர் பங்கு போட்டு மொத்தத்தைச் சேர்த்துத் தரும். தர வேண்டும். எங்களுடையதில் கைகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, மொத்தம் குறைவாகவே வந்தது. திரையில் அந்தச் சோதனை மட்டும் வாரக்கணக்கில் சிவப்பு, அதாவது தோல்வி. அந்தப் பகுதியை எழுதிய சுரேகா, திருநின்றவூரிலிருந்து தினமும் அழுத கண்ணோடு ரயிலில் வருவாள்.

டீயைத் துடைத்துவிட்டுச் சோதனைகளை ஓட்டினேன். எல்லாம் பச்சை. தரை காய்வதற்குள் காரணம் புரிந்துவிட்டது. கார்டு இல்லையென்றால் எங்கள் கம்பைலர் யாருக்கும் சொல்லாமல் வேலையைக் கம்ப்யூட்டரின் சாதாரண பிராசசரிடம் கொடுத்துவிடும். அது ஒற்றைக் கையால் கூட்டும், தப்பே வராது.

சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் சுரேகா திரையைப் பார்த்துவிட்டாள்.

"அண்ணே, பச்சை வந்துகீது பாருண்ணே. நேத்து நான் மாத்துனது வேலை செஞ்சிகீது."

சாயங்காலம் எல்லோருக்கும் பால்கோவா வாங்கி வந்தாள். நெஞ்சில் ஈரம் உள்ளவன் எவனாவது அப்போது பேசுவானா? நான் இரண்டு எடுத்துக்கொண்டேன்.

பக்கத்து சீட்டு நாகப்பனுக்கு மட்டும் சந்தேகம். "இன்னா மாமே, பொட்டில கார்டு ஃபேன் சத்தமே காணோம்?"

"கார்டு தியானத்துல கீது. தொந்தரவு பண்ணாத" என்றேன். சிரித்துவிட்டுப் போய்விட்டான்.

ஒரே ஒரு இடைஞ்சல். எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. அந்த ஆணை வரியை வேண்டுமென்றே கெடுத்துவிட்டு மறுபடி ஓட்டிப் பார்ப்போம். அப்போது விடை தப்பாக வர வேண்டும். வரி கெட்டும் விடை சரியாக வந்தால், அந்தச் சோதனை எதையுமே சோதிக்கவில்லை என்று பொருள். செத்த கார்டில் எதைக் கெடுத்தாலும் விடை சரியாகவே வந்தது. எனவே அந்த வழக்கத்தை நிறுத்தினேன். யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நேரம் மிச்சம் என்று சொல்லியிருப்பேன்.

கம்பைலர் வெளியே போனது. ஏரிகளுக்கு எவ்வளவு மழைநீர் வந்து சேரும் என்று கூட்டி, வெள்ள எச்சரிக்கை விடுகிற ஒரு கம்பெனி அதை வாங்கியது. அவர்களிடம் நல்ல கார்டுகள் இருந்தன. அவற்றின் மேல் யாரும் டீ கொட்டவில்லை. அதுதான் பிரச்சினை.

ஐப்பசி மழையில் மொத்தம் குறைவாக வந்தது. சைரன் ஊதவில்லை. திருநின்றவூர் ஏரியோரத் தெருவில் ஒன்பது பேர் தூக்கத்திலேயே போனார்கள். அதில் கெங்கம்மாளும் ஒருவர். சுரேகாவின் அம்மா.

என் மேல் தப்பா என்று எல்லோரிடமும் கேட்டேன் மேடம். மேனேஜர் உதயகுமார், "கூட்டா செஞ்ச வேலை மச்சான், தனியா ஒருத்தரைச் சொல்ல முடியாது" என்றார். வக்கீல் என்னை வாயைத் திறக்காதே என்றார். என் மனைவி விஜி சோறு போட்டாள்.

காரியம் முடிந்த மறுநாள் சுரேகா வீட்டுக்குப் போனேன். சுவரில் தண்ணீர் நின்ற கோடு இடுப்பு உயரத்துக்கு இருந்தது. டீயிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். "உன் மனசு நோகக் கூடாதுன்னுதாம்மா செஞ்சேன்" என்றேன். இந்த விசாரணையில் உங்களிடமும் அதையேதான் சொல்ல வந்தேன்.

அவள் அழவில்லை.

"செவப்பு வந்திருந்தா இன்னொரு வாட்டி எழுதியிருப்பேன். எங்கம்மாவ கொன்னது நீதாண்ணே. எனக்காகன்னு மட்டும் சொல்லாத. டீ கொட்னது நீன்னு தெரிஞ்சிடும்னு பயந்துட்டே, அவ்ளோதான்."